ஆறாத புண்ணில் பூஞ்சை இருக்கலாம்: முள் குத்தும் ஊர்க்காரர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் முள் குத்தாத கை அபூர்வம். ஓசூர், பாகலூர், தளிப் பக்கம் ரோஜா பறிக்கிறவர்கள், பென்னாகரம் பக்கம் வேலிமுள் வெட்டுகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள் என்று எல்லாருக்கும் இது அன்றாடம் நடப்பதுதான். குத்திய முள்ளை ஊக்கால் எடுப்பார்கள். வராவிட்டால் எருக்கம்பால் வைப்பார்கள் (அது தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து, விட்டுவிடுவது நல்லது). நாலு நாளில் காய்ந்துவிடும், மறந்தும் விடுவார்கள்.

காயாமல் நிற்கிற புண்ணைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மூன்று வாரமாகிறது, இரண்டு மாதமாகிறது, புண் அப்படியே இருக்கிறது. மருந்துக்கடையில் ஒரு ஆயின்மென்ட், அப்புறம் ஒரு ஊசி, அப்புறம் ஒரு ஆன்டிபயாடிக், அது கேட்கவில்லை என்று விலை கூடின இன்னொரு ஆன்டிபயாடிக். இவற்றில் எதுவும் வேலை செய்யாததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அதில் ஒன்று, புண்ணுக்குள் இருப்பது பாக்டீரியா அல்ல, பூஞ்சை என்பது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து. பூஞ்சையை அது தொடக்கூடச் செய்யாது.

பூஞ்சைப் புண் அரிதான நோய். ஆறாத புண் எல்லாம் பூஞ்சை என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஆனால் அரிதாக இருப்பதாலேயே அது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. நினைவுக்கு வந்துவிட்டால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: புண்ணிலிருந்து ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பார்க்காமல் மருந்தைத் தொடங்கக் கூடாது.

மேல்தோல் பூஞ்சை வேறு, ஆழப் பூஞ்சை வேறு

பூஞ்சை என்றதும் நமக்குத் தெரிந்தது படையும் தேமலும் சேற்றுப்புண்ணும். இவை தோலின் மேல் அடுக்கில் மட்டும் வாழ்பவை. அரிக்கும், பரவும், எரிச்சலூட்டும். ஆனால் பொதுவாகக் குழிப்புண் ஆக்குவதில்லை.

குழிப்புண் உண்டாக்குகிறவை வேறு ரகம். மண்ணிலும் மட்கிய இலையிலும் பழைய மரத்திலும் வைக்கோலிலும் வாழ்கிற பூஞ்சைகள் இவை. இவற்றால் நல்ல தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது. ஒரு முள்ளோ சிலாம்போ கம்பியோ தோலைக் கிழித்து உள்ளே கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. பிறகு தோலுக்கு அடியில் உள்ள சதையில் மெதுவாக, வாரக்கணக்கில் வளரும். வலியும் காய்ச்சலும் பெரும்பாலும் இல்லாததால் ஆள் வேலைக்குப் போய்க்கொண்டே இருப்பார். தாமதம் ஆவதற்கு இதுதான் முதல் காரணம்.

ரோஜா முள்ளும் ஸ்போரோட்ரிகோசிஸும்

ரோஜா வளர்க்கும் ஊருக்கு முதலில் தெரிய வேண்டிய பெயர் ஸ்போரோட்ரிகோசிஸ். மேல்நாடுகளில் இதற்கு ரோஜாத் தோட்டக்காரர் நோய் என்றே செல்லப்பெயர் உண்டு. 1898-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பெஞ்சமின் ஷெங்க் என்பவர் இதை முதலில் விவரித்தார். பூஞ்சையின் பெயர் ஸ்போரோத்ரிக்ஸ். இந்தியாவில் அதிகம் காணப்படும் வகைக்கு ஸ்போரோத்ரிக்ஸ் குளோபோசா என்று பெயர். நம் நாட்டில் இமயமலை அடிவாரப் பகுதிகளில்தான் இது அதிகம். தெற்கே கர்நாடகத்திலும் பதிவாகியிருக்கிறது.

பெயரில் ரோஜா இருந்தாலும் செடி பாவம், குற்றம் அதன் மேல் இல்லை. பூஞ்சை இருப்பது மண்ணிலும் மட்கிலும். முள் கதவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் 1940-களில் ஏறக்குறைய 3,000 தொழிலாளர்களுக்கு இந்த நோய் வந்தது. அங்கே ரோஜா ஏது? சுரங்கத்தைத் தாங்க நிறுத்தியிருந்த மரக்கட்டைகளில் பூஞ்சை வளர்ந்திருந்தது, அதில் உரசினவர்களுக்குத் தொற்றியது. கட்டைகளுக்கு மருந்தடித்த பிறகு நோய் அடங்கியது.

இது எப்படித் தோன்றும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதன் தோற்றம்தான் பெரிய துப்பு. முள் குத்திய சில நாட்களிலிருந்து மூன்று மாதத்துக்குள், பெரும்பாலும் மூன்று வாரம் வாக்கில், அந்த இடத்தில் ஒரு சிறு கட்டி எழும்பும். சிவப்பாகவோ கருநீலமாகவோ இருக்கும். தொட்டால் பெரிதாக வலிக்காது. கொஞ்ச நாளில் அது உடைந்து புண்ணாகும். லேசாக நீர் கசியும். இதுவரை சாதாரணக் கொப்புளம்போலத்தான். அடுத்துதான் விஷயம். விரலில் புண் இருக்கும்போது மணிக்கட்டுக்கு மேலே இன்னொரு கட்டி வரும். அப்புறம் முன்கையில் ஒன்று. அப்புறம் முழங்கைக்குப் பக்கத்தில் ஒன்று. எல்லாம் ஒரே கோட்டில். தோலுக்கு அடியில் நிணநீர்க் குழாய்கள் வாய்க்கால்போல விரலிலிருந்து அக்குள் வரை ஓடுகின்றன. பூஞ்சை அந்த வாய்க்கால் வழியே ஏறி, போகிற வழியெல்லாம் ஒவ்வொரு கட்டியாக வைத்துக்கொண்டு போகிறது. கட்டிகளுக்கு நடுவே கயிறு மாதிரித் தடித்திருப்பதைத் தடவினாலே உணரலாம்.

எல்லோருக்கும் இப்படி வரிசை கட்டாது. சிலருக்கு ஒரே இடத்தில் ஒரே புண்ணாக நின்றுவிடும். முகத்திலும், குழந்தைகளிலும் அப்படி அடிக்கடி பார்க்கலாம். அப்போது சந்தேகமே வராமல் போக வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, இந்தக் கட்டிகளைச் சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறிவிடுவது உண்டு. கீறினால் குணமாகாது. ஆறாத புண் இன்னொன்று கூடும்.

மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவதில்லை. வீட்டில் தனித் தட்டு, தனிப் பாய் எல்லாம் தேவையில்லை. பிரேசிலில் இதன் வேறொரு வகை பூனைகளின் கீறலாலும் கடியாலும் பெருமளவில் பரவியிருக்கிறது.

மதுரா கால்

இரண்டாவது நோய் மைசெட்டோமா. மதுரையில் பணியாற்றிய மருத்துவர்கள் 1840-களில் இதை விவரித்ததால் உலகம் முழுக்க இதை மதுரா கால் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2016-ல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது என்பது சரியான சொல்தான். செருப்பில்லாமல் காட்டில் நடக்கிறவர்களுக்கு வருகிற நோய் இது, பட்டியலில் ஏற ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிருக்கிறது.

காலில் முள் குத்தி மாதங்களோ வருடங்களோ கழித்துப் பாதம் மெதுவாக வீங்கும். வலி அதிகமிருக்காது. பிறகு வீக்கத்தில் பல துளைகள் விழும். துளை வழியே கசியும் நீரில் குறுமணிகள் வரும். வீக்கம், துளை, குறுமணி ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் மதுரா கால் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். விட்டால் எலும்பு வரை அரித்துவிடும்.

இதில் ஒரு முக்கியமான சிக்கல் இருக்கிறது. மதுரா கால் பூஞ்சையாலும் வரும், பாக்டீரியாவாலும் வரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. பாக்டீரியாவால் வந்ததென்றால் கோட்ரைமாக்சசோல், அமிகாசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளுக்கு நன்றாகக் கட்டுப்படும். பூஞ்சையால் வந்ததென்றால் இட்ராகோனசோல் மாத்திரையை மாதக்கணக்கில், பலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல், சாப்பிட வேண்டும். பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையும் சேரும். ஆக, மருந்து எழுதும் முன் எது என்று தெரிந்தாக வேண்டும். குறுமணியின் நிறம் கொஞ்சம் உதவும். கறுப்பாக இருந்தால் பூஞ்சை. சிவப்பாக இருந்தால் பாக்டீரியா. வெள்ளை, மஞ்சள் என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். கட்டுப்போட்ட துணியில் குறுமணி ஒட்டியிருந்தால் துவைத்துவிடாமல் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.

காத்திருக்கக் கூடாத ஒன்று

மேலே சொன்ன இரண்டும் மெதுவானவை. மியூகோர்மைகோசிஸ் அப்படியல்ல. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது கறுப்புப் பூஞ்சை என்று எல்லோரும் கேள்விப்பட்டதுதான் இது. அப்போது மூக்கிலும் கண்ணிலும் வந்ததைப் பார்த்தோம், தோலிலும் வரும். சாலை விபத்தில் மண் புகுந்த காயம், தீக்காயம், சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருப்பவரின் காயம் ஆகியவற்றில் வரலாம். புண்ணின் ஓரம் சிவந்து, நடுவில் கறுத்து, அந்தக் கறுப்பு மணிக்கணக்கில், நாள்கணக்கில் விரியும். இதற்கு அன்றைக்கே பெரிய மருத்துவமனை. செத்த சதையை உடனே வெட்டி எடுக்க வேண்டும், கூடவே ஆம்போடெரிசின் பி மருந்தை நரம்பு வழியே ஏற்ற வேண்டும். சோதனை முடிவு வரட்டும் என்று இதில் மட்டும் காத்திருக்க மாட்டார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்

ஆறாத புண்ணுக்குப் பூஞ்சை தவிர வேறு காரணங்கள் நிறைய. தோலில் வரும் காசநோய், தொழுநோயால் உணர்விழந்த பாதத்தில் வரும் புண், சர்க்கரைப் புண், காலில் ரத்தக் குழாய் புடைத்துச் சுருண்டு வரும் (வெரிகோஸ்) புண், தோல் புற்றுநோய் எல்லாம் இந்த வரிசையில் நிற்கின்றன. மீன்தொட்டி கழுவுகிறவர்களுக்கு வரும் ஒருவகை பாக்டீரியா கையில் ஸ்போரோட்ரிகோசிஸ் போலவே வரிசையாகக் கட்டி வைக்கும். ஆகவே பார்த்ததும் பெயர் சொல்லிவிடுகிற நோய் அல்ல இது, எவ்வளவு அனுபவசாலி டாக்டராக இருந்தாலும்.

முதல் கருவி கேள்விதான். என்ன வேலை? முள், சிலாம்பு, வைக்கோல் ஏதாவது குத்தியதா? எப்போது? இதுவரை என்னென்ன மருந்து போட்டீர்கள்? இதற்கு உள்ளபடி பதில் சொல்ல வேண்டும். எருக்கம்பாலோ சுண்ணாம்போ வைத்திருந்தாலும் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள், திட்டினாலும் பரவாயில்லை. பயன்படுத்திய டியூபையும் மாத்திரை அட்டையையும் பையில் போட்டுக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. பிறகு அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். சர்க்கரை அளவு பார்ப்பார். தேவைப்பட்டால் எச்ஐவி சோதனையும் கேட்பார், அதில் தப்பர்த்தம் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் பூஞ்சை வேறு முகம் காட்டும் என்பதால் கேட்கிறார்.

அடுத்தது மாதிரி எடுப்பது. பஞ்சுக்குச்சியால் புண்ணின் மேல் தடவி ஆய்வகத்துக்கு அனுப்புவது எளிது. ஆனால் ஆழப் பூஞ்சைக்கு அது போதாது. திறந்த புண்ணின் மேல் எந்தக் கிருமியும் வந்து உட்காரும், ஆய்வகத்தில் அதுதான் வளரும். உண்மையான குற்றவாளி அடியில் இருப்பான். அறிக்கையில் ஏதோ ஒரு பாக்டீரியாவின் பெயர் வரும், அதற்கு ஒரு ஆன்டிபயாடிக் எழுதப்படும், பழைய கதை மறுபடி தொடங்கும்.

அதனால்தான் பயாப்ஸி. புண்ணின் ஓரத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு, பயறு அளவுக்குச் சதை எடுப்பார்கள். சில நிமிட வேலை, வெளிநோயாளிப் பிரிவிலேயே முடிந்துவிடும். பயாப்ஸி என்றாலே கேன்சர் என்று நம் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது. கேன்சர் இல்லை என்று உறுதி செய்யவும் இதே துணுக்குதான் உதவும்.

இங்கேதான் ஒரு சின்னப் பிசகு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். எடுத்த சதையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்றை, சதை அழுகாமல் காக்கும் பார்மலின் திரவத்தில் போட்டு, நுண்ணோக்கியில் பார்க்க நோய்க்குறியியல் பிரிவுக்கு அனுப்புவார்கள். இன்னொன்றை வெறும் உப்புநீரில், அதாவது சலைனில், போட்டு நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பார்மலினில் போட்டால் பூஞ்சை செத்துவிடும், செத்த பூஞ்சை வளராது. சதை முழுவதும் பார்மலின் டப்பாவுக்குள் போய்விட்டால் கல்ச்சர் செய்ய, அதாவது பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க, ஒன்றும் மிஞ்சாது. “கல்ச்சருக்கும் அனுப்புகிறீர்களா டாக்டர்?” என்று நோயாளியோ கூடப் போனவரோ ஒரு வார்த்தை கேட்பதில் தப்பே இல்லை.

ஆய்வகத்தில் முதலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டுப் பார்ப்பார்கள். அது மனிதச் செல்களைக் கரைக்கும், பூஞ்சையின் கெட்டியான சுவரைக் கரைக்காது. படை, சேற்றுப்புண்ணுக்கு அரைமணி நேரத்தில் விடை கிடைக்கும். மதுரா காலின் குறுமணிக்கும் இது உதவும். ஸ்போரோட்ரிகோசிஸில் பெரும்பாலும் கைகொடுக்காது, ஏனென்றால் சதைக்குள் அந்தப் பூஞ்சை மிகக் குறைவாகத்தான் இருக்கும். நுண்ணோக்கியில் பிஏஎஸ் சாயமும் வெள்ளிச் சாயமும் போட்டுத் தேடினாலும் பல சமயம் கண்ணில் படாது. அறிக்கையில் பூஞ்சை காணப்படவில்லை என்று வந்தால் பூஞ்சையே இல்லை என்று பொருளல்ல.

கடைசித் தீர்ப்பு கல்ச்சர் கையில். சபூரோ அகார் என்ற ஊட்டப்பொருளில் சதையை வைத்து 25 டிகிரி வெப்பத்தில் விடுவார்கள். ஸ்போரோத்ரிக்ஸ் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். முதலில் வெளிர் நிறம், போகப்போகக் கறுப்பு. நுண்ணோக்கியில் பார்த்தால் மெல்லிய காம்பின் நுனியில் விதைகள் பூவிதழ் மாதிரி அடுக்கியிருக்கும். மனித உடலின் வெப்பமான 37 டிகிரியில் வளர்த்தால் இதே பூஞ்சை நூல்வடிவை விட்டு ஈஸ்ட் வடிவுக்கு மாறும். ஒன்றுமே வளரவில்லை என்று சொல்ல நான்கு வாரமாவது பொறுத்திருக்க வேண்டும். மூன்றாம் நாளே அறிக்கை கேட்டு ஆய்வக ஜன்னலில் சண்டை போடுவதில் பயனில்லை.

இந்தச் சோதனைகளுக்குச் சின்ன கிளினிக் தோது இல்லை. தோல் பிரிவும் நுண்ணுயிரியல் பிரிவும் ஒரே வளாகத்தில் உள்ள இடம் வேண்டும். தர்மபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குவதால், இதற்காக சேலத்துக்கோ பெங்களூருக்கோ ஓட வேண்டிய கட்டாயம் முன்னைவிடக் குறைவு.

சிகிச்சை: பொறுமைதான் பாதி

ஸ்போரோட்ரிகோசிஸுக்கு இன்றைக்கு முதல் தேர்வு இட்ராகோனசோல். பெரியவர்களுக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம். புண் எல்லாம் ஆறிய பிறகும் இரண்டிலிருந்து நான்கு வாரம் தொடர வேண்டும்; மொத்தத்தில் மூன்றிலிருந்து ஆறு மாதம் வரும். பெரும்பாலோர் தவறுகிற இடம் இதுதான். ஆறாவது வாரம் புண் மூடியதும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், அடியில் மிச்சமிருந்த பூஞ்சை திரும்ப எழும்பும்.

இந்தக் கேப்சூலை வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போட வேண்டும். வயிற்றில் அமிலம் இருந்தால்தான் இது உடலில் சேரும். கூடவே கேஸ் மாத்திரை, அதாவது ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகையறா, போட்டுக்கொண்டால் மருந்து சரியாகச் சேராமல் வீணாகும். எதற்கெடுத்தாலும் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போடும் பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகோனசோல் ஆகாது. கொழுப்புக் குறைக்கும் சிம்வாஸ்டாடினுடன் சேர்க்கக் கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்துக்கொண்டிருந்தால் இது வேலை செய்யாது. இடையிடையே கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை வேண்டும். கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ கண் மஞ்சளானாலோ உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். இட்ராகோனசோல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டெர்பினாஃபின் இருக்கிறது.

பழைய மருந்து ஒன்றும் இன்னும் கைவிடப்படவில்லை. பொட்டாசியம் அயோடைடு கரைசல், நூறு வருடத்துக்கு மேலான சிகிச்சை, விலை மலிவு. நாளைக்கு மூன்று வேளை ஐந்து சொட்டில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். பாலிலோ பழச்சாற்றிலோ கலந்து குடிக்கலாம். வாயில் உலோகச் சுவை தட்டும், மூக்கு ஒழுகும், முகப்பரு போலக் கிளம்பும். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்குச் சரிப்படாது.

கர்ப்பிணிகளுக்கு இட்ராகோனசோல், பொட்டாசியம் அயோடைடு இரண்டையும் தவிர்ப்பார்கள். ஒரே இடத்தில் நிற்கிற புண் என்றால் அவர்களுக்குச் சூடு வைத்தியம் உண்டு: 42, 43 டிகிரி வெப்பத்தைத் தினமும் புண்ணின் மேல் வைப்பது. இந்தப் பூஞ்சைக்கு வெப்பம் ஆகாது என்பதால் இது பலிக்கிறது. டாக்டர் சொல்லி, வெப்பநிலையை அளந்து செய்கிற சிகிச்சை இது. சர்க்கரையால் உணர்வு மரத்த காலில் வீட்டு ஒத்தடம் கொடுத்து வெந்துபோக விட்டுவிடாதீர்கள்.

பூஞ்சை மருந்து எல்லாம் ஒன்றுதானே, ஃப்ளூகோனசோல் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்போரோட்ரிகோசிஸில் அதன் வீச்சு குறைவு. கறுப்புப் பூஞ்சையில் அது வேலையே செய்யாது. பூஞ்சை என்று தெரிந்தால் போதாது, எந்தப் பூஞ்சை என்று தெரிய வேண்டும் என்பது இதனால்தான்.

கடைகளில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கலவைக் களிம்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் ஒரே டியூபில் இருக்கும். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் இரண்டு நாளில் அமர்த்திவிடும், ஆள் குணமாகிவிட்டதாக நினைப்பார். உள்ளே எதிர்ப்புச் சக்தி அடங்கிப்போய்ப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். புண்ணின் அடையாளமும் மாறிப்போவதால் டாக்டருக்கே குழப்பம். ஊரில் படை தீராத வீடுகள் பெருகியதற்கு இந்த டியூப்கள் ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து. ஆறாத புண்ணில் இவற்றைத் தொடவே தொடாதீர்கள்.

மருந்து உள்ளே வேலை செய்ய, வெளியே புண்ணைச் சலைனால் கழுவி, ஒட்டாத சுத்தமான துணியால் மூடினால் போதும். டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றித் தினமும் எரியவிட்டால் புதிதாக வளரும் தோலும் சேர்ந்து சாகும். காலில் புண் என்றால் உட்காரும்போது காலைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் எந்த மருந்தும் மெதுவாகத்தான் கேட்கும். வீடு தேடி மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை கொடுக்க வருகிற பெண்ணிடம் காலில் உள்ள புண்ணையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

தோட்ட வேலையில் இருப்பவர்களுக்கு: முழங்கை வரை வரும் தடித்த தோல் கையுறை ரோஜா வெட்டும்போதும், மட்கு உரத்தையும் வைக்கோலையும் அள்ளும்போதும் வேண்டும். மெல்லிய ரப்பர் கையுறையை முள் துளைத்துவிடும். காட்டில் நடக்க மூடிய செருப்பு. முள் குத்தினால் முழுதாக எடுத்து, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளுங்கள். குத்திய தேதியைக் காலண்டரில் குறித்து வைத்தால், மூன்று வாரம் கழித்து அங்கே கட்டி எழும்பும்போது டாக்டரிடம் சொல்லத் தோதாக இருக்கும்.